பெட்டிகளும் கடவுச்சீட்டுகளும்: 'தி டார்ஜிலிங் லிமிடெட்'

வெஸ் ஆண்டர்சன் இயக்கிய 'தி டார்ஜிலிங் லிமிடெட்' (2007) படத்தைப் பற்றி எழுதுவோர் முதலில் பேசுவது தோல்பெட்டிகளைத்தான். மறைந்த தந்தையின் பெயரெழுத்துகள் பொறித்த அவற்றைச் சுமந்துகொண்டு மூன்று சகோதரர்கள் ராஜஸ்தானில் ரயிலேறுகிறார்கள். தந்தை இறந்ததிலிருந்து ஓராண்டாக அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. கடைசியில், புறப்பட்டுவிட்ட ரயிலைப் பிடிக்கப் பெட்டிகளை எறிந்துவிட்டு ஓடுகிறார்கள். இதன் பொருள் யாருக்கும் உடனே விளங்கிவிடும். அதனாலேயே இதைப் படத்தின் முதன்மைக் குறியீடாக நான் கொள்வதில்லை.

யார் எதைத் தன் கையில் பிடித்துவைத்திருக்கிறார் என்பதில்தான் இப்படத்தின் பாத்திரப் படைப்பு இருக்கிறது. தலையில் கட்டுடன் வரும் மூத்தவன் பிரான்சிஸ் தம்பிகளின் கடவுச்சீட்டுகளை வாங்கி வைத்துக்கொள்கிறான்; அவர்கள் என்ன சாப்பிட வேண்டும் என்பதையும் தானே சொல்கிறான். நடுவனான பீட்டர், தந்தையின் கண்ணுக்கென அளந்து செய்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரிகிறான். இளையவன் ஜாக் குடும்பத்தில் நடந்ததையே கதையாக எழுதிவிட்டு, எல்லாம் கற்பனை என்று சாதிக்கிறான். பின்னர் இமயமலை மடத்தில் தாயைச் சந்திக்கும்போது அவளும் பிள்ளைகளுக்கான உணவைத் தானே தீர்மானிக்கிறாள். பிரான்சிஸின் அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பதை ஆண்டர்சன் ஒரு சொல் விளக்கமும் இன்றி உணர்த்தும் இடம் இது. கணவரின் இறுதிச்சடங்குக்கு வராத தாய் இவள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மூத்தவனின் கெடுபிடி தாயற்ற வீட்டில் தாயாக முயன்றவனின் பதற்றம் என்று புரிகிறது.

தாயைச் சந்திப்பதற்கு முன், வழியில் ஆற்றில் விழுந்த மூன்று சிறுவர்களில் ஒருவனை பீட்டரால் காப்பாற்ற முடியாமல் போகிறது. அச்சிறுவனின் இறுதிச்சடங்குக்குச் சகோதரர்கள் செல்லும்போது, தந்தையின் இறுதிச்சடங்கு நாளுக்குப் படம் தாவுகிறது. அன்று நியூயார்க்கில் ஒரு கார் பட்டறையில், கிளம்ப மறுத்த தந்தையின் காரோடு மூவரும் போராடிக்கொண்டிருந்தார்கள். இந்த இணைப்பு அருமையானது. ஆனாலும் அயல்நாட்டார் மூவர் மனம் தெளிவதற்காக ஓர் இந்தியச் சிறுவன் சாக வேண்டியிருப்பது என்னை உறுத்துகிறது. சத்யஜித் ராய் படங்களின் இசையை அவ்வளவு மதிப்போடு எடுத்தாண்ட இயக்குநர், அச்சிறுவனின் கிராமத்து மனிதர்களுக்கு இன்னும் சில நிமிடங்கள் ஒதுக்கியிருக்கலாம். மகனை இழந்த தந்தையாக வரும் இர்பான் கான், அதிகம் பேசாமலே அக்குறையைப் பெருமளவு ஈடுசெய்கிறார்.

இறுதி ரயிலில் பிரான்சிஸ் கடவுச்சீட்டுகளைத் திருப்பித் தர முன்வருகிறான். உன்னிடமே இருக்கட்டும் என்கிறார்கள் தம்பிகள். முன்பு அவனாகப் பறித்துக்கொண்ட பொறுப்பை இப்போது அவர்களாகவே ஒப்படைக்கிறார்கள். பெட்டிகளை எறிந்த காட்சியைவிட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.