மலைநாட்டு மக்களும் வாக்காளர் இடாப்பும்

ஒருவரை ஒரு நாட்டின் பிரசையாக்குவது சட்டம். ஆயின், அவர் பெயர் வாக்காளர் இடாப்பில் ஏறுவதற்குச் சட்டம் மாத்திரம் போதாது. விண்ணப்பத்தை எழுதித் தருவார் ஒருவர் வேண்டும். சான்றுகளைத் தேடித் தருவார் ஒருவர் வேண்டும். குறித்த நாளுக்குள் அவற்றை உரிய அலுவலகத்திற் சேர்ப்பிப்பார் ஒருவர் வேண்டும். இவ்வுண்மையை இலங்கை மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

1931ஆம் ஆண்டில் டொனமூர் அரசியல் திட்டத்தின் வழியாகச் சர்வசன வாக்குரிமை வந்தபோது, இந்திய வம்சாவளியினர் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு வாக்காளராயினர். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் மலைநாட்டுத் தொகுதிகள் பலவற்றில் வென்றது. நுவரெலியாத் தொகுதியிலிருந்து திரு. எஸ். தொண்டமான் பாராளுமன்றம் புகுந்தார்.

நாடு சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே நிலை மாறிற்று. அவ்வாண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இலங்கையிற் பிறந்தவரிடமும் அவர் தந்தை இங்குப் பிறந்தமைக்கு, அன்றேல் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. லயன் அறைகளில் வாழ்ந்தோரிடம் இத்தகைய பத்திரங்கள் அரிதாகவே இருந்தன. 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் வாக்குரிமையைப் பிரசைகளுக்கே உரியதாக்கியது. ருவான்வெல்லைத் தொகுதி இடாப்பில் தம் பெயரைச் சேர்க்கக் கோரிய கோடாகன்பிள்ளையின் வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்று, 1953ஆம் ஆண்டில் தோல்வியில் முடிந்தது. ஒரு பெயரை ஓர் ஏட்டில் எழுதுவதற்காக நடந்த வழக்கு அது. எனினும் அதன் தீர்ப்பு இலட்சக்கணக்கானோரின் வாக்கைப் பற்றியது.

1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் ஒரு சிறு வாயிலைத் திறந்து வைத்தது. 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன்னர், மணமாகாதோர் 10 ஆண்டுகளும் மணமானோர் 7 ஆண்டுகளும் இடையறாது இங்கு வாழ்ந்தமையை நிறுவின், பிரசையாகப் பதிவு பெறலாம். விண்ணப்பிக்கத் தரப்பட்ட காலம் இரண்டே ஆண்டுகள். முதலில் இச்சட்டத்தைப் புறக்கணித்த காங்கிரஸ், பின்னர் அம்முடிவைக் கைவிட்டு, மக்களை விண்ணப்பிக்குமாறு தூண்டியது. எழுத்தறிவு அரிதாயிருந்த தோட்டங்களில், படித்தவர் கையையே ஏனையோர் நம்ப வேண்டியிருந்தது. 1951 ஓகஸ்டில் காலம் முடிந்தபோது, ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரம் பேர் சார்பில் விண்ணப்பங்கள் சேர்ந்திருந்தன. இறுதியிற் பதிவு பெற்றோரோ 1 இலட்சத்து 34 ஆயிரம் அளவினரே. சான்று காட்டும் சுமை முழுவதும் விண்ணப்பிப்போர் தலையிலே கிடந்தது. உதவுவோர் எத்துணை உழைத்தாலும், இல்லாத பத்திரத்தை அவரால் உண்டாக்கித் தர இயலாதன்றோ?

1964 ஒக்டோபர் 30ஆந் திகதி எழுதப்பட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைக் கணக்கிட்டு, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் என வகுத்தது. எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேர் 1974ஆம் ஆண்டில் இரு நாடுகளுக்கும் சமமாகப் பங்கிடப்பட்டனர். 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம், சத்தியக் கடதாசி ஒன்றினாலேயே பலர் பிரசாவுரிமை பெற வழி செய்தது. எனினும் நாடற்றோர் பலர் எஞ்சி நின்றனர்.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே அக்குறையைத் தீர்க்க முற்பட்டது. 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி முதல் இங்கு நிலையாக வாழ்ந்தோரும், இங்கு வாழும் அவர்தம் சந்ததியினரும் பிரசாவுரிமைக்கு உரியராயினர். சட்டம் ஏட்டளவில் நின்றுவிடலாகாது என்று, அரசாங்கமும், இலங்கைத் தொழிலாளர் காங்கிரசும், ஐக்கிய நாடுகளின் அகதிகளுக்கான உயர் ஸ்தானிகராலயமும் கைகோத்தன. ஏறத்தாழ 500 தொண்டர்கள் பயிற்சி பெற்று, 50 நடமாடும் சேவை நிலையங்களிற் பணியாற்றினர். பத்தே நாட்களில், ஏறத்தாழ 1 இலட்சத்து 90 ஆயிரம் பேர் பிரசாவுரிமை பெற்றனர். அரை நூற்றாண்டுக்கு முன் ஆண்டுக்கணக்கில் இழுபட்ட கருமம் பத்து நாளில் முடிந்தமைக்குக் காரணம் இரண்டு: சட்டம் தன் சுமையைக் குறைத்துக்கொண்டது, தொண்டர் மக்களின் வாயிலை நாடிச் சென்றனர். இவ்விரண்டும் ஒருங்கே அமைதல் வேண்டும்.

பத்திரம் கைக்கு வந்தவுடன் கருமம் முற்றுப்பெறுவதில்லை. வாக்காளர் இடாப்பு ஆண்டுதோறும் திருத்தப்படுவது. பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் இல்லாதார்க்கு அவற்றைப் பெற வழிகாட்டுதலும், புதிய பிரசையின் பெயர் இடாப்பில் உள்ளதா எனப் பார்த்துச் சொல்லுதலும் ஆரவாரமற்ற பணிகளே. ஆயினும், இடாப்பிற் பெயரில்லாதவனிடம் வாக்குக் கேட்டு எவரும் வருவதில்லை. அவன் வீதியையும் பாடசாலையையும் பற்றி எவரும் கேட்பதுமில்லை. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்கிழந்து நின்ற மக்கள் கண்ட பாடம் அதுவே.