கல் உடையும் விதம்: கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஆதிமனிதர் பாடத்தைப் பார்த்தல்

குமுளி மலைச்சாலை ஏறத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது லோயர் கேம்ப். முல்லைப் பெரியாறு அணை கட்டிய காலத்து முகாமின் பெயர். 1895இல் அணை திறந்த பிறகும் ஒட்டிக்கொண்டது. இங்கே படிக்கும் பிள்ளைகள் ஆதிமனிதரைப் பற்றி அறியும்போது பாடநூல் முதன்மையாகக் காட்டும் களங்கள் பல்லாவரமும் அத்திரம்பாக்கமும். இரண்டும் ஏறத்தாழ ஐநூறு கிலோமீட்டர் தொலைவில், வடகிழக்கே உள்ளவை. லோயர் கேம்ப் அமைந்த கம்பம் பள்ளத்தாக்கு பாடத்தில் இல்லை. அங்கே ஆதிமனிதரே வாழவில்லை என்று இன்றைய பாடநூல் வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆனால் வகுப்பிலிருந்து எழுந்து வரும் பிள்ளை அப்படித்தான் நினைத்துக்கொள்ளும். இந்த வெற்றிடம் எப்படி உருவானது என்பதையே இக்கட்டுரை ஆராய்கிறது. தேடியவர்கள் எந்தக் கல்லைத் தேடினார்கள் என்பதில்தான் விடை இருக்கிறது என்பது என் கருத்து.

1863 மே 30 அன்று, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் மனிதக் கை செதுக்கிய கல் ஒன்றைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் கொற்றலை ஆற்றுப் படுகையில் அத்திரம்பாக்கத்தைக் கண்டனர். இதைத் தற்செயல் என்று எழுதுவது வழக்கம். அது சரியல்ல. பிரான்சில் பூஷே தெ பெர்த் சோம் ஆற்றுச் சரளையில் கண்ட கைக்கோடரிகள் உண்மையானவையே என்று 1859இல் ஆங்கில அறிஞர்கள் ஒப்புக்கொண்டிருந்தனர். அந்தச் செய்தி ஃபூட்டுக்குத் தெரியும். எதைத் தேட வேண்டும் என்று அறிந்த கண்தான் பல்லாவரத்தில் அதைக் கண்டது. அந்தக் கண்ணுக்குப் பழகிய வடிவம் கைக்கோடரி: உள்ளங்கை அளவு, இரு முகமும் செதுக்கியது, பாதாம் பருப்பின் உருவம். பின்னாளில் தெற்கே என்ன தென்பட்டது, எது தென்படாமல் போனது என்பதையும் இந்தப் பழக்கமே பெரிதும் தீர்மானித்தது.

கருவிகளை அடுக்கி வைக்கும் முறையும் வெளியிலிருந்து வந்ததுதான். கல், வெண்கலம், இரும்பு என்று கோபன்ஹேகன் அருங்காட்சியகப் பொருள்களை வகுத்தவர் தாம்சன். அவரது கையேடு 1836இல் வெளிவந்தது. கற்காலத்தைப் பழையது, புதியது என்று இரண்டாகப் பிரித்தவர் ஜான் லப்பக், 1865இல். அந்த அடுக்கு அருங்காட்சியக அலமாரிக்குப் பொருந்தியது, அலமாரியிலிருந்து பாடநூலுக்கும் வந்தது. ஃபூட் நாற்பது ஆண்டுகளாகச் சேர்த்தவற்றைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1904இல் விலைக்கு வாங்கியது. அவர் எழுதிய விளக்கப் பட்டியல் அவர் இறந்த பின்பே முழு நூலாக வந்தது. தென்னிந்தியக் கற்காலம் என்று நாம் இன்று பேசுவதன் முதல் வரைபடம் அந்தப் பட்டியல்தான்.

1930களில் வி. டி. கிருஷ்ணசாமி கொற்றலைப் படுகையின் படிவரிசைகளை ஆராய்ந்தார். டி டெரா, பேட்டர்சன் என்ற இரு ஆய்வாளர்கள் அங்கு வந்து போன பிறகு, வடக்கே சோன், தெற்கே மெட்ராஸ் என்று இரு கருவி மரபுகளைப் பற்றிய பேச்சு நிலைத்தது. ஆனால் எத்தனை ஆண்டு என்ற கேள்விக்குப் பதில் கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று. சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் அத்திரம்பாக்கத்தில் நடத்திய அகழாய்வின் முடிவுகள் 2011இல் வந்தன. கற்கள் எவ்வளவு காலம் புதைந்திருந்தன என்பதைக் காட்டும் அலுமினியம், பெரிலியம் ஐசோடோப்புகளைக் கணக்கிட்டுக் கைக்கோடரி அடுக்குக்குச் சராசரியாக 15 லட்சம் ஆண்டு என்றார்கள். 2018இல் அதே களத்தின் மேலடுக்குகளில், கருக்கல்லை முன்கூட்டியே வடிவமைத்துச் செதில் எடுக்கும் நுட்பம் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று காட்டினார்கள். நவீன மனிதர் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்ததே இந்த நுட்பம் என்ற எளிய விளக்கம் இதனால் ஆட்டம் கண்டது. இந்தச் சிக்கலை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் சொல்லலாம். குழம்பிவிடும் என்று அஞ்சி மறைப்பதைவிட அது நல்லது.

இனி தெற்கு. மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியலைப் பற்றி ஃபூட் எழுதிய நூல் 1883இல் வெளியானது. கம்பம் பள்ளத்தாக்கு அன்று மதுரை மாவட்டத்தில் இருந்தது. தூத்துக்குடிப் பக்கத்துச் சிவந்த தேரி மணலில் அவருக்குக் கிடைத்தவை சிறு கற்கருவிகள்தாம்; தொண்டை மண்டலத்துக் கைக்கோடரி அங்கே இல்லை. காவிரிக்குத் தெற்கே பழைய கற்கால மக்கள் வரவில்லை என்ற எண்ணம் இதையொட்டி வளர்ந்து, பல தலைமுறை மாணவர்களுக்குப் பாடமாகவே போய்ச் சேர்ந்தது. தேரிக் கருவிகளை 1956இல் விரிவாக ஆராய்ந்த சாய்னரும் ஆல்ச்சினும், பழைய கடல்மட்டத்தை வைத்து அவற்றைக் கி.மு. 4000 அளவில் வைத்தனர்.

இங்கே கல்லைக் கவனிக்க வேண்டும். அத்திரம்பாக்கத்தில் இருந்தவர்களுக்கு அல்லிக்குழி மலைப்பக்கத்துக் குவார்ட்சைட் உருளைகள் கையெட்டும் தூரத்தில் கிடைத்தன. சீரான மணியமைப்புள்ள அந்தக் கல் பெரிய செதிலாகப் பிரியும். கம்பம் பள்ளத்தாக்கைச் சூழ்ந்த மலைகள் சார்னகைட்டும் நைஸும். தாதுக்கள் பட்டை பட்டையாகக் கிடக்கும் நைஸ் அடித்த திசையில் உடையாது. நடுநடுவே நரம்பாக ஓடும் வெங்கச்சங்கல், அதாவது குவார்ட்ஸ், கூர்மையாக உடையும். ஆனால் உள்ளே விரிசல்கள் நிறைந்திருப்பதால் சிறு துண்டுகளாகச் சிதறும். இந்தப் பாறையை வைத்துக்கொண்டு பாதாம் வடிவக் கைக்கோடரி செய்வது கடினம். செய்யக்கூடியது விரல்நுனி அளவுள்ள விளிம்பு. அதையும் வரப்பில் கிடக்கும் சாதாரண வெங்கச்சங்கல் சில்லிலிருந்து பிரித்தறியப் பயிற்சி வேண்டும். கைக்கோடரியைத் தேடி வந்தவர் இந்த மண்ணில் வெறுங்கையோடு திரும்பியிருந்தால் வியப்பில்லை.

மலைச்சரிவு வேறொரு கேள்வியை எழுப்புகிறது. இலங்கையின் ஈரமண்டலக் காட்டுக் குகையான ஃபாஹியன் லேனாவில் சுமார் 48,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட அடுக்குகளிலேயே குவார்ட்ஸ் நுண்கருவிகளும் எலும்பு முனைகளும் குரங்கு, அணில் எலும்புகளும் கிடைத்திருக்கின்றன. மழைக்காடு ஆதிமனிதருக்கு ஒவ்வாத இடம் என்ற பழைய கருத்து அதனால் சரிந்தது. பெரியாற்றுக் காடும் சுருளி மலையும் ஓரளவு அதை ஒத்த நிலம். இங்கே அப்படிப்பட்ட அகழாய்வு நடக்கவில்லை என்பதற்கும் இங்கே யாரும் வாழவில்லை என்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஆசிரியர் வகுப்பில் அழுத்திச் சொல்ல வேண்டும்.

பள்ளத்தாக்கைச் சுற்றி உறுதியாகத் தெரிந்தவை பிற்காலத்தவை. பழனி மலைக் கற்திட்டைகளை அங்லேட், நியூட்டன் என்ற இரு பாதிரியார்கள் பதிவுசெய்து 1928இல் நூலாக்கினார்கள். மேற்கே மலை தாண்டினால் மறையூரில் கற்திட்டைகளும் பாறை ஓவியங்களும் உண்டு. ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கா. ராஜன் தலைமையிலான தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழு தமிழி எழுத்துள்ள நடுகற்களைக் கண்டது. அவற்றுள் ஒன்று கூடலூர் ஆநிரைப் பூசலில் இறந்தவனுக்கு நட்டது. அது லோயர் கேம்ப்பை அடுத்த கூடலூர்தான் என்று கருதுவோர் உண்டு. கீழடி அகழாய்வுக்கு முன்னோடியாக, அமர்நாத் ராமகிருஷ்ணா குழுவினர் வருசநாட்டு மலையிலிருந்து கடல்வரை வைகைக் கரையில் 293 தொல்லியல் இடங்களைக் கணக்கெடுத்ததும் இங்கே நினைக்கத் தக்கது. இவையெல்லாம் அருமையான சான்றுகள். ஆனால் பழைய கற்கால வெற்றிடத்தை இவற்றைக் கொண்டு நிரப்ப முடியாது. இன்னொரு குழப்பமும் இருக்கிறது: கி.மு. 2172க்குரிய இரும்பு கிடைத்ததாக 2022இல் அறிவிக்கப்பட்ட மயிலாடும்பாறை கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ளது. கடமலைக்குண்டை அடுத்த மயிலாடும்பாறை வேறு. தேனிப் பிள்ளைகள் அதை நம்மூர் என்று பெருமைப்பட்டால் ஆசிரியர் மெல்லத் திருத்தத்தான் வேண்டும்.

வெற்றிடத்தை நிரப்பும் ஆசையில் வேறொரு தவறு நேர்கிறது. லோயர் கேம்ப்பை அடுத்த பளியங்குடியில் வாழும் பளியர் மக்களைச் சுட்டி, ஆதிமனிதர் இப்படித்தான் இருந்தார்கள் என்று சொல்லிவிடுவது. கிழங்கு அகழும் கோலும் தேனெடுக்கும் கொடி ஏணியும் இன்றைய மனிதரின் தேர்ந்த தொழிலறிவு. பளியர் பிள்ளைகளும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். காலங்களை ஏணிப்படியாக அடுக்கிய தாம்சன், லப்பக் முறையை மனிதக் கூட்டங்களின் மேல் பொருத்தினால் இந்த விபரீதம் வரும். மரபணு ஆய்வும் இதே போல் திரிந்தது. மதுரைக் காமராசர் பல்கலைக்கழகத்தின் இராமசாமி பிச்சப்பனும் ஸ்பென்சர் வெல்ஸும் உசிலம்பட்டிப் பக்கத்து ஜோதிமாணிக்கத்தில் கண்ட எம்130 என்ற அடையாளம், ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக வந்த பழைய தந்தைவழி ஒன்றைக் காட்டுகிறது. பத்திரிகைகள் அதை முதல் இந்தியர் என்று எழுதின. ஒரு தந்தைவழிக் குறியீடு ஒரு மனிதரையோ சாதியையோ முதன்மையாக்காது. அது ஒவ்வொருவரிடமும் உள்ள ஆயிரக்கணக்கான முன்னோர் வழிகளில் ஒன்று மட்டுமே.

அப்படியானால் வகுப்பில் என்ன செய்வது? தமிழ்நாட்டில் 2018இல் வந்த புதிய பாடநூல்கள் ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் மனிதப் பரிணாமத்துக்கு இடம் ஒதுக்கின. மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. பதினொன்றாம் வகுப்பு உலக வரலாற்று நூலின் தொடக்க இயலையும் பத்தாம் வகுப்பு அறிவியலின் பரிணாமப் பகுதியையும் நீக்கியதோடு ஒப்பிட்டால் இது பெரிய வேறுபாடு. ஆனால் இடம் இருந்தும் பாடம் பெயர்ப் பட்டியலாகவே நடக்கிறது. எந்தக் காலம், எந்தக் களம், யார் கண்டுபிடித்தார்: ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு வசதி, அவ்வளவுதான்.

கருவியைப் புரிந்துகொள்ள அது உடையும் விதத்தைப் பார்க்க வேண்டும். கருக்கல்லின் விளிம்பில், தொண்ணூறு பாகைக்குக் குறைவான கோணமுள்ள இடத்தில் சுத்திக்கல் விழுந்தால் செதில் பெயரும். செதிலின் உட்பக்கத்தில் அடி விழுந்த இடத்துக்குக் கீழே சிறு புடைப்பும் அதிலிருந்து அலை அலையாக விரியும் வரிகளும் இருக்கும். தானாக வெடித்த கல்லில் இந்த ஒழுங்கு அரிது. ஆசிரியர் திறந்த வெளியில் கண்ணாடியும் கையுறையும் அணிந்து இரண்டொரு கல்லை உடைத்துக் காட்டலாம். பிள்ளைகள் தள்ளி நின்று பார்த்து, பின் சில்லுகளை வரைந்து பழகலாம். குவார்ட்சைட் உருளை, நைஸ், வெங்கச்சங்கல் மூன்றையும் உடைத்தால், அத்திரம்பாக்கம் ஏன் அத்திரம்பாக்கமானது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது. செதில் எல்லாவற்றையும் கூட்டி எடுத்துவிடுவது முக்கியம்; விட்டுவைத்தால் நாளைய ஆய்வாளரை ஏமாற்றும்.

வயலிலோ ஓடைக்கரையிலோ ஐயத்துக்குரிய கல் கிடைத்தால் என்ன செய்வது என்பதையும் இதே பாடத்தில் சொல்லலாம். செம்பியன்கண்டியூரில் 2006இல் வாழைக்குக் குழி வெட்டும்போது கிடைத்த கற்கோடரியைக் கவனித்தவர் ஒரு பள்ளி ஆசிரியர்; அதன் மேலிருந்த குறிகளைத்தான் ஐராவதம் மகாதேவன் சிந்து எழுத்து என்றார். கருவி கிடந்த இடம், ஆழம், உடனிருந்த மண் ஆகியவை கருவிக்கு நிகரான சான்றுகள். பையில் போட்டுப் பள்ளிக்குக் கொண்டுவந்தால் அவை அழிந்துவிடும். ஆகவே கிடந்த இடத்திலேயே படமெடுத்து, அருகே அளவுகோல் வைத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்லியல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். கைக்கோடரி மட்டுமே கருவி என்று பழகாத கண்கள் பள்ளத்தாக்கில் பெருகினால், லோயர் கேம்ப்பைச் சுற்றி முதலில் அகப்படுவது வெங்கச்சங்கல் நுண்கருவியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.