முதற்சுமை

கல்முனை நகரிலிருந்து மேற்கே செல்லும் பாதை கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து நாவிதன்வெளியை அடைகின்றது. தமிழரும் முஸ்லிம்களும் அயலயலாய் வாழும் வயற்புலம் அது. கோடையில் அத்தாம்போதி வெறும் பாதை. வடகீழ்ப் பருவமழை பெருகும் காலத்திலோ நீர் அதன்மேற் பாய்ந்து போக்குவரத்தைத் துண்டித்துவிடும். அந்நாட்களிற் பிரசவ வேதனையுறும் தாயை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டின் ஊரார் உழவு இயந்திரத்தையோ தோணியையோதான் நாடுவர். அவசர வைத்திய சேவை என்னும் பெயர் ஊருக்கு வருமுன்னரே அப்பணியை அயலவர் செய்துவந்தனர்.

அவ்வாறு அழைப்புக்கு முதன்முறை ஓடியவனின் நெஞ்சில் என்ன நிகழ்ந்தது என்பதை வரலாறு அரிதாகவே எழுதியுள்ளது. காயமுற்றவர் பெயரை ஏடுகள் பேணும். சிகிச்சை செய்த வைத்தியர் பெயரையும் பேணும். இருவருக்கும் இடையே காவிச் சென்றவனை அவை மறந்துவிடும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு ஹென்றி டூனாண்ட் என்னும் ஜெனீவா வணிகர். 1859 ஆம் ஆண்டு ஜூன் 24 ஆம் நாள் இத்தாலியில் சொல்ஃபெரீனோப் போர் நடந்தபோது, தம் வியாபார அலுவலாக அப்பக்கம் சென்றிருந்தார். வைத்தியமோ படைத்தொழிலோ அவர் கற்றவரல்லர். அயலூர்த் தேவாலயத்திற் குவிந்து கிடந்த காயப்பட்டோருக்கு நீர் ஊட்டியும் கட்டுப்போட்டும் அங்கேயே தங்கிவிட்டார். கண்ட காட்சி அவரைப் பின் விடவேயில்லை. 1862 இல் அதனை நூலாக எழுதினார். அடுத்த ஆண்டு தோன்றிய செஞ்சிலுவை இயக்கம் அந்நூலின் விளைவே.

தமிழருக்கு இத்தகைய முதல் அழைப்பு ஆபிரிக்க மண்ணில் வந்தது. 1860 முதல் நேட்டால் நாட்டுக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றப்பட்டோரிற் பெருந்தொகையினர் சென்னைத் துறைமுகத்தினின்று கப்பலேறியவர்கள். தமிழரும் தெலுங்கரும் அவருட் பலர். 1899 இல் ஆங்கிலேயருக்கும் போயர்களுக்கும் போர் மூண்டபோது மோகன்தாஸ் காந்தி அங்கே இந்தியர் அம்புலன்ஸ் படையொன்றை அமைத்தார். ஏறத்தாழ 1100 பேர் அதிற் சேர்ந்தனர். அவருட் சுதந்திர இந்தியர் 300 பேரளவினர். எஞ்சிய அனைவரும் ஒப்பந்தத் தொழிலாளர். டிசம்பர் மாதம் கொலென்சோவில் ஆங்கிலப் படை தோற்றுப் பின்வாங்கிய போரே அவர்கள் கண்ட முதற் களம். மறு மாதம் ஸ்பியோன் கொப் மலையில் அதனினும் கொடிய தோல்வி நேர்ந்தது. குண்டு விழும் எல்லைக்கு வெளியே பணிபுரிவதென்பதே அவர்களுக்கு விதிக்கப்பட்ட வரம்பு. எனினும் தளபதி புல்லர், அவர்கள் கடமைப்பட்டவரல்லராயினும் உள்ளே வந்து காயப்பட்டோரை எடுத்துச் சென்றால் அரசு நன்றி பாராட்டும் எனச் சொல்லியனுப்ப, உள்ளே சென்றனர். தூக்குப்படுக்கைகளைத் தோளில் ஏந்தி நாளொன்றுக்கு 20 முதல் 25 மைல் வரை நடந்தனர். சாகும் தறுவாயிலிருந்த தளபதி வூட்கேட்டும் அத்தோள்களிலேயே சென்றார். ஆறு கிழமைகளின் பின் படை கலைக்கப்பட்டது. தலைவர்களாயிருந்தோருக்குப் போர்ப் பதக்கம் கிடைத்தது. சுமந்தோர் தோட்டங்களுக்குத் திரும்பினர்.

1906 இல் சூலு மக்களின் கிளர்ச்சியின்போது காந்தி மீண்டும் ஒரு சிறு குழுவுடன் சென்றார். கசையடிபட்டு, பார்ப்பாரின்றிப் புண் சீழ்பிடித்துக் கிடந்த சூலுக்களுக்குக் கட்டுப்போட நேர்ந்ததும், அது போரன்று என்று தம் உள்ளம் துணுக்குற்றதும் அவர் தன்வரலாற்றிற் காணலாம். அவருக்கு எழுத்து இருந்தது. கொலென்சோவிற் காவிய கூலித் தொழிலாளிக்கு அஃது இல்லை. தன்னை மனிதனாக எண்ணாத ஆட்சியின் சிப்பாயைத் தோளில் ஏந்தி நடந்தபோது அவன் என்ன எண்ணினான் என்பது அவனோடே மறைந்தது.

கல்முனைக் கரையோரத்திற்கு அத்தகைய நாள் 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் திகதி வந்தது. ஞாயிற்றுக்கிழமை, போயா தினமுமாகும். சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் நிலம் அதிர்ந்து இரண்டு மணி நேரம் செல்லுமுன் மருதமுனை, பாண்டிருப்பு, சாய்ந்தமருது, காரைதீவு ஆகிய ஊர்களுட் கடல் புகுந்தது. இலங்கையிலே மிகக் கூடுதலான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. மாண்டோர் பத்தாயிரத்திற்கு மேற்பட்டோர். வெளியிலிருந்து எவரும் வந்து சேருமுன் மீனவரும் மாணவரும் கடைக்காரரும் ஓடினர். அவர்களுக்கு நேர்ந்த கொடுமை யாதெனில், காப்பாற்றுவதற்கு அதிகம்பேர் இருக்கவில்லை. அம்பாறைக் கரையோர முகாம்களில் நிகழ்த்தப்பெற்று 2006 இல் வெளியான ஆய்வொன்று, இறப்புகள் ஏறத்தாழ முற்றாக முதல் ஓரிரு நாளிலேயே நிகழ்ந்தன என்றும், பெண்களும் சிறுவரும் முதியோருமே கூடுதலாக மாண்டனர் என்றும் காட்டியது. உதவ ஓடியவனின் கையில் ஏறியது பெரும்பாலும் உயிரற்ற உடலே. அதிலும் அறிந்த முகமே.

இவ்வகைத் துயரை வைத்தியம் வெகு தாமதமாகவே பெயரிட்டது. அமெரிக்க உள்நாட்டுப் போர்ச் சிப்பாய்களின் படபடப்பைப் பற்றி டா கோஸ்டா என்னும் வைத்தியர் 1871 இல் எழுதினார். அப்போது அது நெஞ்சு நோயெனக் கருதப்பட்டது. அதிர்ச்சிக்குப் பின் எழும் மனநோய் அமெரிக்க உளமருத்துவ ஏட்டில் இடம்பெற்றது 1980 இல். ஈழத்திலே தயா சோமசுந்தரம் 1993 இல் வெளியிட்ட நூலின் பெயரால் ‘மனவடு’ என்னும் சொல் தமிழ் வாசகரிடையே பரவிற்று. உதவச் சென்றோரையும் அது தாக்கும் என்று 1983 இல் ஜெஃப்ரி மிற்செல் வலியுறுத்தி, அவர்களை ஒன்றுகூட்டி நிகழ்ந்ததைச் சொல்லுவிக்கும் முறையை வகுத்தார். ஆனால் பாதிக்கப்பட்டோரிடம் ஒரே அமர்வில் யாவற்றையும் சொல்லுவித்த சோதனைகளை 2002 இல் தொகுத்து நோக்கியபோது, அது நோயைத் தடுக்கவில்லை எனக் கண்டனர். வற்புறுத்திப் பேசவையாது அருகில் இருப்பதே நன்றென்று உலக சுகாதார நிறுவனத்தின் 2011 ஆம் ஆண்டுக் கைந்நூல் கூறுகின்றது. மரண வீட்டில் வாய் திறவாது பக்கத்தில் அமர்ந்திருக்கப் பழகிய கிராமத்தாருக்கு இம்முடிபு வியப்பூட்டாது.

இந்திய நன்கொடையுடன் 2016 ஜூலையில் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கிய ‘சுவசெரிய’ இலவச அம்புலன்ஸ் சேவை, 2018 ஜூலையில் யாழ்ப்பாணத்தை எட்டிப் பின் நாடெங்கும் பரவியது. அதன் தொடக்கப் பணியாளர் ஹைதராபாத்திற் பயிற்சி பெற்றவர்கள். அழைக்கவேண்டிய எண் 1990. அவ்வெண் கிழக்கிலங்கை மக்களின் செவியில் வேறொன்றையும் ஒலிக்கும். அதே எண்ணுக்குரிய ஆண்டிலேதான் வீரமுனையிலும் காத்தான்குடியிலும் கல்முனையிலும் தமிழரும் முஸ்லிம்களும் பெருந்தொகையாக மாண்டனர்.

2024 நவம்பர் 26 ஆம் திகதி காரைதீவை அடுத்த மாவடிப்பள்ளியில், மதரசா மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் புரட்டியது. மாணவர் சிலர் மீட்கப்பட்டனர், பலர் மாண்டனர். படையினரோடு ஊர் இளைஞரும் நீரில் இறங்கித் தேடினர். தேடுதல் நாட்கணக்கில் நீண்டது. ஆழிப்பேரலை ஆண்டிற் பிறந்த குழந்தைகளுக்கு அப்போது வயது இருபது.