பொழுது வால்பேப்பர்: போடிநாயக்கனூரும் ஏலமலைச் சரிவும்

கணினி, கைப்பேசித் திரையின் பின்னணியில் நேரத்துக்கேற்பத் தானாக மாறிக்கொள்ளும் படத்தொகுப்பே பொழுது வால்பேப்பர். ஓர் இடத்தை ஒரே கோணத்தில் விடியல் முதல் நள்ளிரவு வரை படமெடுத்து, எந்தப் படம் எப்போது வர வேண்டும் என்ற குறிப்போடு ஒன்றாகக் கட்டிவைப்பார்கள். ‘டைனமிக் வால்பேப்பர்’ என்ற பெயரே புழக்கத்தில் அதிகம். திரையில் ஓயாமல் அசையும் ‘லைவ் வால்பேப்பர்’ வேறு வகை. பொழுது வால்பேப்பரில் காட்சி அப்படியே நிற்கும், வெளிச்சம் மட்டும் மாறும்.

கருவிகளோடு வரும் ஆயத்தத் தொகுப்புகள் பெரும்பாலும் அமெரிக்கப் பாலைவனங்களையும் கடற்கரைகளையும் காட்டுபவை. அவற்றின் அந்தி நம் அந்தியைவிட நீளம், அவற்றின் நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கே நிற்கும். தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர் ஏறக்குறைய 10 பாகை வட அட்சரேகையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது. ஊருக்கு மேற்கே போடிமெட்டு, வடமேற்கே குரங்கணி, அதற்கும் மேலே கொழுக்குமலை. முகட்டைத் தாண்டினால் கேரளத்தின் பூப்பாறை, சாந்தன்பாறை ஏலத் தோட்டங்கள். இப்படிப்பட்ட இடத்துக்குத் தொகுப்பு தயாரிக்கும்போது பொதுவான விதிகள் பலவற்றை மாற்ற வேண்டியிருக்கிறது.

தோற்றம்

ஒரே பொருளை வெவ்வேறு நேரத்து ஒளியில் வரிசையாகப் பார்க்கும் ஆசை கணினிக்கு முந்தியது. பிரெஞ்சு ஓவியர் கிளாட் மோனே 1890–91-இல் வைக்கோற்போர்களையும், அடுத்த சில ஆண்டுகளில் ரூவான் தேவாலயத்தின் முகப்பையும் வெவ்வேறு பொழுதுகளில் திரும்பத் திரும்ப வரைந்தார். தமிழ் இலக்கணம் அதற்கும் வெகு முன்பே நாளைச் சிறுபொழுதுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு நிலத்தோடு சேர்த்துவைத்தது. காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம், வைகறை என்ற ஆறையும் நான்கு நான்கு மணி நேரமாகப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். மலை நிலமான குறிஞ்சிக்கு உரியது யாமம். படமெடுப்பவருக்கு மிகவும் கடினமான பொழுதும் அதுதான்.

கணினியில் இந்த வழக்கத்தைப் பரப்பியதில் லினக்ஸ் உலகுக்குப் பெரிய பங்குண்டு. 2007-இல் வெளிவந்த ஃபெடோரா 8-இன் பின்னணிப் படம் நாளின் போக்கில் நிறம் மாறியது. க்னோம் மேசைத்தளமும் காலை, பகல், இரவு என்று மாறும் படங்களோடு வந்தது. ஆண்ட்ராய்டு 2.1 பதிப்பு 2010 ஜனவரியில் லைவ் வால்பேப்பரைக் கொண்டுவந்தது. பலருக்கும் பொழுது வால்பேப்பர் அறிமுகமானது 2018 செப்டம்பரில், ஆப்பிளின் மேக்ஓஎஸ் மொஹாவே பதிப்பு வந்தபோதுதான். மொஹாவே பாலைவனத்து மணல்மேடு ஒன்றின் 16 படங்கள் அதில் இருந்தன. விண்டோஸில் இதே வேலையை வின்டைனமிக்டெஸ்க்டாப் என்ற இலவசச் செயலி செய்கிறது.

கோப்பின் அமைப்பு

ஆப்பிள் முறையில் எல்லாப் படங்களும் ‘ஹீக்’ எனப்படும் எச்.இ.ஐ.சி. கோப்பு ஒன்றுக்குள் அடங்கும். முதல் படத்தோடு சேர்ந்த விவரக்குறிப்பில் கால அட்டவணை இருக்கும். அட்டவணை மூன்று வகை. முதல் வகையில் ஒவ்வொரு படத்துக்கும் சூரியனின் உயரக் கோணமும் திசைக் கோணமும் குறிக்கப்படும். கருவி இருக்கும் இடத்தையும் நேரத்தையும் வைத்து அப்போது சூரியன் எங்கே நிற்கிறது என்று கணக்கிட்டு, அதற்குப் பொருந்தும் படம் வரும். இரண்டாவது வகை கடிகாரத்தை மட்டும் பார்க்கும்: நள்ளிரவு 0, நண்பகல் 0.5 என்று நாளின் பின்னமாக நேரத்தைக் குறித்தால் போதும். மூன்றாவது வகையில் வெளிர் தோற்றத்துக்கு ஒன்று, இருள் தோற்றத்துக்கு ஒன்று என இரண்டே படங்கள்.

க்னோமில் படங்கள் தனித்தனியாகவே இருக்கும்; எக்ஸ்.எம்.எல். கோப்பு ஒன்று அவற்றை வரிசைப்படுத்தும். இந்தப் படம் இத்தனை நொடி நிற்க வேண்டும், அடுத்த படத்துக்கு இத்தனை நொடியில் கரைந்து மாற வேண்டும் என்று எழுதிக்கொண்டே போகலாம். மொத்தம் 86,400 நொடி வர வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் தொகுப்பு நாளுக்கு நாள் நகர்ந்து, ஒரு கட்டத்தில் நண்பகலில் நிலவு காய ஆரம்பித்துவிடும்.

சூரியக் கோணமா, கடிகாரமா

சூரியக் கோண முறையே துல்லியமானது என்று பொதுவாகச் சொல்வார்கள். ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் அது சரி. அங்கே உதயம் ஆண்டுக்குள் பல மணி நேரம் முன்பின்னாகும். போடியில் உதயம் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 6 மணிக்கும் 6.45-க்கும் இடையில், மறைவு மாலை 6-க்கும் 6.45-க்கும் இடையில். காலை 6 மணியில் தொடங்கி ஆறு சம கூறுகளாக நாளைப் பிரிக்கும் சிறுபொழுதுக் கணக்கு இந்த அட்சரேகையில் எல்லா மாதமும் பொருந்துகிறது. ஸ்டாக்ஹோமில் பொருந்தாது.

இன்னொரு சிக்கல் நண்பகலில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் போடிக்கு நேர் உச்சியில் வருகிறது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் வடக்கே நிற்கிறது, மற்ற மாதங்களில் தெற்கே. டிசம்பரில் எடுத்த நண்பகல் படத்துக்குத் தெற்கு, அதாவது 180 பாகை என்று குறித்தால், ஜூன் மாதத்தில் சூரியன் அந்தத் திசைக்கே வராது. இதனால் போடிக்குக் கடிகார முறையே நல்லது என்பது இக்கட்டுரையின் முடிவு. கடிகாரத்தைப் பின்பற்றினால் பிழை அதிகபட்சம் இருபது, இருபத்தைந்து நிமிடம். ஆண்டுக்கு இருமுறை அட்டவணையைத் திருத்தினால் அதுவும் பாதியாகிவிடும்.

இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. போடி ஏறக்குறைய 77.3 பாகையில் இருப்பதால், சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12.20 வாக்கில். பிப்ரவரி நடுவில் 12.35 வரை தள்ளிப்போகும், நவம்பர் தொடக்கத்தில் 12.05-க்கு அருகே வந்துவிடும். பகலின் நடுவை 12 மணிக்கு வைத்து அடுக்கிய தொகுப்பில் காலை எப்போதும் கொஞ்சம் முந்திக்கொண்டு நிற்பது இதனால்தான்.

மலையடிவாரத்து ஒளி

பஞ்சாங்கம் சொல்லும் மறைவு நேரம் தட்டையான தொடுவானத்துக்கு. போடியின் மேற்கே தொடுவானம் கிடையாது, மலைதான் இருக்கிறது. பத்து கிலோமீட்டர் தொலைவில் ஊரைவிட 1,100 மீட்டர் உயர்ந்து நிற்கும் முகட்டை வைத்துக் கணக்குப் போட்டால், அது ஆறு பாகைக்கு மேல் வானத்தை மறைக்கிறது. சூரியன் மணிக்குச் சுமார் 15 பாகை இறங்குவதால், நேர் வெயில் பஞ்சாங்க நேரத்துக்கு 25 நிமிடம் முன்பே ஊரைவிட்டுப் போய்விடும். மார்ச் 21-ஐ ஒட்டி மறைவு 6.30 வாக்கில். ஆனால் 6 மணிக்கெல்லாம் தெருவில் நிழல். கிழக்கே சமவெளியில் மட்டும் வெயில் மிச்சமிருக்கும். ஆயத்தத் தொகுப்பு அந்த நேரத்தில் பொன்வெயில் படத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்.

விடியலில் நிலைமை தலைகீழ். சரிவு கிழக்கைப் பார்த்திருப்பதால் முதல் வெயில் நேராக அதன்மேல் விழுகிறது. உதயத்துக்குக் கால் மணி முன்பு மேற்கே பார்த்தால், முகட்டுக்கு மேல் சாம்பல் கலந்த நீலப் பட்டை ஒன்றும் அதற்கு மேல் இளஞ்சிவப்புப் பட்டை ஒன்றும் படிந்திருக்கும். நீலம், காற்றுவெளியில் விழும் பூமியின் நிழல். சூரியன் ஏற ஏற அந்த நிழல் மலைக்குப் பின்னால் இறங்கும். பிறகு உச்சிப் புல்வெளியில் செம்மை தட்டும். அது சோலைக்காட்டைத் தொட்டு, பாறைகளைத் தொட்டு, அடிவாரத்து இலவ மரங்களுக்கும் மாந்தோப்புகளுக்கும் வந்துசேர சில நிமிடங்களே ஆகும். இந்தப் பகுதியைப் பத்து நிமிடத்துக்கு ஒன்று என்று எடுத்தால் எதுவும் கிடைக்காது. நிமிடத்துக்கு ஒரு படம் வேண்டும். பிறகு அதிலிருந்து மூன்று நான்கைத் தேர்ந்துகொள்ளலாம்.

கொழுக்குமலையின் கணக்கு வேறு. சுமார் 7,900 அடி உயரத்தில் இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டம் போடிநாயக்கனூர் வட்டத்தைச் சேர்ந்தது, ஆனால் ஜீப் பாதை கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து வருகிறது. அவ்வளவு உயரத்தில் தொடுவானம் ஒரு பாகைக்கு மேல் தாழ்ந்துபோவதால், கிழக்கே மேகமோ குன்றோ மறைக்காத நாளில் சமவெளிக்காரர்களைவிடச் சுமார் ஐந்து நிமிடம் முன்பே சூரியனைப் பார்க்கலாம். கீழே போடிச் சமவெளி முழுவதும் மேகம் மூடிக்கிடக்கும் காலைகளுக்காகத்தான் சுற்றுலாப் பயணிகள் இருட்டிலேயே ஏறி வருகிறார்கள். முகட்டின் மேற்குப் புறமான பூப்பாறைக்கு வெயில் தாமதமாக வந்து மாலையில் நெடுநேரம் தங்கும். ஒரே மலைதான், இரண்டு பக்கத்துக்கும் இரண்டு தொகுப்பு வேண்டும்.

வெப்ப மண்டலத்தில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் அந்தி சீக்கிரம் முடிகிறது. சூரியன் மறைந்து விளக்கேற்றும் அளவு இருட்ட இங்கே இருபத்திரண்டு நிமிடம் போதும். லண்டனில் ஜூன் மாதம் முக்கால் மணியைத் தாண்டும். அதனால் 16 படங்களைச் சம இடைவெளியில் பிரிப்பது இங்கே வீண்வேலை. 5.45 முதல் 7.30 வரைக்கு ஆறு, மாலை 5 முதல் 7 வரைக்கு ஐந்து, பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் இடையே இரண்டு என்று வைத்தால் இயல்பாக இருக்கும். உச்சி வெயிலில் சரிவு வெளிறித் தட்டையாகிவிடுகிறது. இரண்டு மணிக்கு மேல் ஓடை மடிப்புகளில் நிழல் ஊறி மலைக்கு மீண்டும் உருவம் வரும்.

படமெடுத்தல்

முக்காலி அசையக் கூடாது, ஒயிட் பேலன்ஸை 5,500 கெல்வின் போல ஓர் எண்ணில் பூட்டிவைக்க வேண்டும். தானியங்கியில் விட்டால் கேமரா விடியலின் செம்மையைக் குறையென்று நினைத்துத் திருத்திவிடும், பிறகு எல்லாப் படமும் பத்து மணி போலவே இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்றில் மொட்டை மாடி முக்காலி நிற்காது. கைப்பிடிச் சுவரின் மறைவில், தாழ்த்தி வைக்க வேண்டும்.

திரை அமைப்பையும் முன்பே யோசித்தாக வேண்டும். கைப்பேசியின் நெட்டுத் திரையில் மேல் மூன்றில் ஒரு பங்கைக் கடிகாரம் எடுத்துக்கொள்ளும். முகட்டுக் கோடு சரியாக எண்களுக்குக் குறுக்கே ஓடினால் இரண்டும் கெடும். முகட்டைத் திரையின் நடுவுக்கு இறக்கிவிட்டால் மேலே வானத்துக்கு இடம் கிடைக்கும். பதினேழு கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் போடிமெட்டுச் சாலை நெட்டுப் படத்துக்கென்றே அமைந்தது. இரவில் 20 நொடி ஷட்டரைத் திறந்து வைத்தால் வண்டிகளின் முகப்பு விளக்குகள் அந்த வளைவுகளை வரைந்துவிடும். விடியலுக்கு முன் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மேலேறும் நேரம் அதற்கு ஏற்றது. யாமப் படத்தைப் பௌர்ணமியை ஒட்டி எடுத்தால் மலையின் உருவமும் பதியும். அமாவாசையில் கருப்பு மட்டுமே மிஞ்சும். ஓஎல்இடி திரையில் அது பேட்டரிக்கு நல்லது, கண்ணுக்கு ஒன்றுமில்லை.

தோட்டத்துக்குள் எடுப்பது தனிக் கலை. ஏலச்செடி மர நிழலில் வளர்வது, உச்சி வெயிலிலும் அங்கே வெளிச்சம் பொட்டுப் பொட்டாகத்தான் விழும். நாளெல்லாம் மாற்றம் குறைவு என்று தோன்றலாம், ஆனால் தரையோடு குனிந்தால் கதை வேறு. பூவும் காயும் செடியின் தூரிலிருந்து கிளம்பும் சரத்தில் இருக்கின்றன. வெள்ளைப் பூ, நாக்கு போன்ற இதழில் ஊதாக் கோடுகள். அது விடியலை ஒட்டி விரிந்து, தேனீ வந்து போன பின் ஒரே நாளில் வாடிவிடுகிறது. ஒரு பூவின் அந்த ஒரு நாளையே பத்துப் படமாக்கினால், தூரத்து மலையைவிடச் செறிவான தொகுப்பு கிடைக்கும். இந்தப் பக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் இருப்பதாகத் தெரியவில்லை.

நிறத்தில் கவனம் வேண்டும். போடியிலும் கேரளத்துப் புற்றடியிலும் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏல மையங்கள் இயங்குகின்றன. அங்கே காயின் பருமனும் பச்சையும் விலையைத் தீர்மானிக்கின்றன. அந்தப் பச்சை கெடாமல் காயை உலர்த்துவதற்கே தோட்டங்களில் ஸ்டோர்கள் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஊரில் எடிட்டிங் செயலியில் ஏற்றிய கிளிப்பச்சை ஒரு நொடியில் பிடிபடும். செறிவைக் கூட்டுவதைவிட நிழலைக் கொஞ்சம் திறப்பது நல்லது.

பருவம்

ஒரு நாளை ஒரு தொகுப்பாக்கிவிட்டால் ஆண்டு அடங்கிவிடாது. தென்மேற்குப் பருவத்தில் கேரளப் பக்கம் கொட்டும் மழையின் மேகம் முகட்டில் தொங்கி வழியும், போடிக்குக் காற்றும் சாரலும் மட்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை இந்தப் பக்கம். சரிவு முழுக்கப் பசுமையும் கழுவிவிட்ட காற்றும் கிடைப்பது மழை ஓய்ந்த ஜனவரியில்தான். ஒரே தொகுப்புக்கு மட்டும் நேரமிருந்தால் அந்த மாதத்தைத் தேர்ந்துகொள்ளலாம். பிப்ரவரிக்குப் பின் புல் காய்ந்து, புகைமூட்டம் சேர்ந்து, மலை சாம்பலாகத் தெரியும்.

கோடைத் தொகுப்பு எடுக்க மலையேறுவோர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீ மலையேறச் சென்றவர்களில் 20-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. காட்டுப் பாதைகளுக்கு வனத்துறையின் அனுமதி கட்டாயம், தீக்காலத்தில் பாதைகள் மூடப்படுவதும் உண்டு. அந்த மாதங்களில் ஊருக்குள் மாடியில் நின்றோ, நெடுஞ்சாலை ஓரத்திலிருந்தோ எடுப்பதே முறை.