வெங்கானூரின் இரு பள்ளிகள்

நெய்யாற்றின்கரைக்கு மேற்கேயுள்ள வெங்கானூர், 1863இல் அய்யன்காளி பிறந்த ஊர். புலையர் குழந்தைகளுக்குப் பள்ளிக்கதவு திறக்கும்வரை வயலில் இறங்குவதில்லை என அவர் வேளாண் தொழிலாளரைத் திரட்டியதும், பஞ்சமி என்னும் சிறுமியுடன் ஊரூட்டம்பலம் பள்ளிக்குள் நுழைந்ததும், அப்பள்ளி எரிக்கப்பட்டதும் ஆய்வுலகம் அறிந்தவை. அதே வெங்கானூரில்தான், 2004இல், அறிவுசார் குறைபாடுடைய குழந்தைகளுக்கான கேரளத்தின் முதல் ‘பட்ஸ்’ பள்ளி குடும்பஸ்ரீயின் முயற்சியால் தொடங்கப்பட்டது.

இதனை நலத்திட்டப் பட்டியலில் சேர்த்துவிட்டு நகர்வது கல்வி வரலாற்றுக்கு அழகன்று. முன்னதில் பள்ளிக்காக உழைப்பு நிறுத்தப்பட்டது. பின்னதிலோ, குழந்தையைத் தனியே விட இயலாமல் நாட்கூலியை இழந்த தாய் மீண்டும் வேலைக்குச் செல்லப் பள்ளியே வழி திறந்தது. 18 வயதைக் கடந்தோர்க்கான பட்ஸ் மறுவாழ்வு மையங்களில் இன்று அப்பிள்ளைகளே தொழில் பழகுகின்றனர்.