ஆழாக்கும் கண்ணளவும்

இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. எட்டுப் படி ஒரு மரக்கால். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். நம் வயதுக்காரர்கள் பலருக்கு இது இன்னும் மறந்திருக்காது.

அந்தக் காலத் திண்ணைப் பள்ளிகளில் இதை நெல்லிலக்கம் என்று மனப்பாடம் செய்வித்தார்கள். எனக்குச் சொல்லிக்கொடுத்தது வீட்டு அரிசிப் பானைதான். படிக்குக் கீழே எல்லாமே பாதி பாதியாக இறங்குவதால், ஓர் அளவை இன்னோர் அளவைக் கொண்டே சரிபார்க்கலாம். உழக்கால் இரு முறை அளந்து போட்டால் உரி நிரம்ப வேண்டும். நிரம்பாவிட்டால் இரண்டில் ஒன்று பொய். உரி இல்லையா? படி நிறையத் தண்ணீர் எடுத்துச் சாய்த்து ஊற்றுங்கள். தண்ணீர் ஒரு பக்கம் வாய் விளிம்பையும் மறுபக்கம் அடி விளிம்பையும் தொடும்போது நிறுத்தினால், உள்ளே நிற்பது அரைப்படி. பாட்டி காட்டிய வித்தை இது. நேர்ப்பக்கமுள்ள எந்தப் பாத்திரத்திலும் பலிக்கும்.

களத்தில் நெல் அளப்பவர் 'ஒன்று' என்று சொல்லாமல் 'லாபம்' என்று தொடங்குவார். குவித்து அளப்பதா, தலைதட்டி அளப்பதா என்பதை முதலிலேயே பேசிக்கொள்வார்கள். பக்கத்தில் நின்ற பிள்ளைகளுக்கு அதுவும் பாடம்.

1956-ல் எடை, அளவைச் சட்டம் வந்தது. 1957 ஏப்ரல் 1-ல் நயா பைசா. 1958 அக்டோபர் முதல் படிப்படியாகக் கிலோ. 1962-ல் அதுவே கட்டாயம். 120 தோலா, அதாவது சுமார் 1,400 கிராம் கொண்ட வீசை விடைபெற்றது. அதில் எனக்கு வருத்தமில்லை. ஊருக்கு ஊர் படி மாறியதால் ஏமாந்தவர்கள் ஏழைகளே.

வருத்தமெல்லாம் கண்ணளவு போனதில்தான். எடை அச்சிட்ட பாக்கெட்டில் எல்லாம் வருகிறது. ஆயிரம் கிராம் ஒரு கிலோ என்று ஒப்பிக்கும் பிள்ளைக்கு, அரைக்கிலோ வெங்காயம் கையில் எவ்வளவு கனக்கும் என்று தெரிவதில்லை.

பேரப்பிள்ளைகளிடம் ஒரே ஒரு விதி வையுங்கள்: முதலில் மதிப்பைச் சொல், பிறகு அள. இந்தச் சொம்பு எத்தனை டம்ளர் கொள்ளும்? இந்தப் பூசணி எத்தனை கிலோ? மேசை எத்தனை சாண்? உங்கள் சாணாலும் அளந்து காட்டுங்கள். இரண்டு கணக்கும் ஒத்துவராது. முத்திரையிட்ட அளவுகோல் உலகத்துக்கு ஏன் தேவைப்பட்டது என்பது குழந்தைக்கு அங்கேயே புரிந்துவிடும்.