திருமணம் என்னும் உடன்படிக்கை: சுக்கிலநத்தம் முதல் உச்சநீதிமன்றம் வரை

எல்லாப் புகழும் ஏக இறைவனுக்கே உரியன. இறுதித் தூதர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் செய்துகொள்ளும் திருமணத்திற்குச் சட்ட ஏற்பு கோரிய மனுக்களின் மீது 2023 அக்டோபர் 17ஆம் நாள் நம் நாட்டின் உச்சநீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. அந்நாள் தொட்டு, வெளியூர்க் கல்லூரிகளில் பயிலும் நம் ஜமாஅத்துப் பிள்ளைகள் ஒரு வினாவை நம்மிடம் தொடுத்து வருகின்றனர். "இருவர் தம் விருப்பப்படி வாழ்வதை மார்க்கத்தார் ஏன் எதிர்க்க வேண்டும்?" என்பதே அவ்வினா. "ஹராம்" என்னும் ஒரு சொல்லால் விடையளித்து அனுப்பிவிடுவது எளிது. ஆனால் வினவியவர் காரணம் அறிய விழைகிறார். எனவே இவ்விவாதத்தின் வரலாற்றைச் சுருக்கமாக இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

நம் மண்ணில் எழுந்த திருமண வழக்கு

'எது திருமணம்?' என்ற கேள்வி நம் பகுதிக்குப் புதியதன்று. 1928ஆம் ஆண்டு அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் பெரியார் ஈ.வெ.ரா. தலைமையில் நடைபெற்ற திருமணமே முதல் சுயமரியாதைத் திருமணம் எனக் குறிப்பிடப்படுகிறது. புரோகிதரும் வேள்வித் தீயும் இன்றி நிகழ்ந்த இத்தகைய மணங்கள் இந்துச் சட்டப்படி செல்லாவென்று 1950களில் சென்னை உயர்நீதிமன்றம் கூறியது. அம்மணங்களில் பிறந்த மக்களின் சொத்துரிமையே கேள்விக்குள்ளாயிற்று. பின்னர் அண்ணா அவர்களின் ஆட்சியில், 1967ஆம் ஆண்டு, இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டு அவை செல்லுபடியாயின.

இவ்வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, மாற்றத்தைச் செய்தது நீதிமன்றமன்று, சட்டமன்றமே. இரண்டாவது, மாறியது சடங்கு மட்டுமே. மணமகன், மணமகள் என்ற இரு தரப்பும் மாறவில்லை. பின்னாளில் தன்பாலினத் திருமணத்தை எதிர்த்தோரின் வாதம் இவ்விரண்டு புள்ளிகளையே சுற்றிவந்தது.

377ஆம் பிரிவின் கதை

திருமணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், குற்றவியல் சட்டத்தின் வரலாற்றையும் அறிதல் நலம். ஆங்கிலேயர் 1860ஆம் ஆண்டு இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, இயற்கைக்கு மாறானதென்று அவர்கள் கருதிய உறவைக் குற்றமாக்கியது. வயதுவந்தோர் இசைந்து தனிமையில் கொள்ளும் உறவுக்கு அது பொருந்தாதென 2009 ஜூலையில் டில்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனை எதிர்த்து உச்சநீதிமன்றம் சென்றோரில் அகில இந்திய முஸ்லிம் தனியார் சட்ட வாரியமும், தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகமும், கிறிஸ்தவ சபை அமைப்புகளும், இந்து சமயச் சார்புடையோரும் இருந்தனர். பிற வகைகளில் ஒருவரோடொருவர் ஒவ்வாதார் ஒரே வழக்கில் ஒரே பக்கம் நின்றனர்.

2013 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அப்பிரிவை மீண்டும் நிலைநிறுத்தியது. 2018 செப்டம்பர் 6ஆம் நாள் ஐவர் அமர்வு அதனை மாற்றி, இசைவுடன் கூடிய உறவு குற்றமன்று என அறிவித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 377ஆம் பிரிவே இடம்பெறவில்லை. குற்றம் என்னும் நிலை நீங்கிய பின் எழுந்ததே திருமணக் கோரிக்கை.

2023ஆம் ஆண்டு வழக்கு

2001இல் நெதர்லாந்து முதன்முதலாகத் தன்பாலினத் திருமணத்தைச் சட்டமாக்கியது. 2015இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் நாடு முழுமைக்கும் அதனை ஏற்றது. ஆசியாவில் தைவான் 2019இலும், தாய்லாந்து 2025இலும் இவ்வழியில் சென்றன. நம் நாட்டிலோ, 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் தமக்கும் இடம் வேண்டுமென மனுதாரர் கோரினர். 2023 ஏப்ரல் 18 முதல் மே 11 வரை பத்து நாட்கள் வாதம் நடைபெற்றது.

மத்திய அரசு எதிர்த்தது. கணவன், மனைவி, குழந்தைகள் என்பதே இந்தியக் குடும்பத்தின் கருத்து என்று அது பிரமாணப் பத்திரம் அளித்தது. திருமணத்தின் வரையறையை மாற்றினால் ஏறத்தாழ 160 சட்ட விதிகள் பாதிக்கப்படுமென்றும், அம்மாற்றம் நாடாளுமன்றத்தின் பணியென்றும் வாதிட்டது. ஜம்இய்யத்துல் உலமாயே ஹிந்த் அமைப்பும் இவ்வழக்கில் தன்னை இணைத்துக்கொண்டு எதிர்த்தது. தனியார் சட்டங்களுக்குள் நுழையமாட்டோம் என நீதிபதிகள் தொடக்கத்திலேயே கூறியிருந்தும், ஜம்இய்யத் ஏன் எதிர்த்தது என்று சிலர் வினவினர். ஆண், பெண் என்னும் இரு தரப்பே திருமணத்தின் அடிப்படைக் கூறு. ஒரு சட்டத்தில் அது நெகிழ்ந்தால் வாரிசுரிமை, ஜீவனாம்சம், குழந்தைகளின் காப்பாண்மை ஆகிய அனைத்தையும் அது தொடும் என்னும் அச்சமே அதற்குக் காரணம்.

தீர்ப்பில், திருமணம் செய்துகொள்வது அரசியலமைப்பு வழங்கும் அடிப்படை உரிமையன்று என ஐந்து நீதிபதிகளும் ஒருமித்துக் கூறினர். அத்தகைய இணையரின் கூட்டு வாழ்வுக்குச் சட்டப் பெயர் தர வேண்டும் என்பதில் இருவர் உடன்பட, மூவர் மறுத்தனர். 2025 ஜனவரியில் மறுஆய்வு மனுக்களும் தள்ளுபடியாயின.

நிக்காஹ் என்றால் என்ன?

எதிர்ப்போர் அனைவரும் ஒரே காரணம் கூறுவதில்லை. இந்து சமய மரபினர் திருமணத்தை வாழ்வின் சம்ஸ்காரங்களுள் ஒன்றாகக் கருதுகின்றனர். கத்தோலிக்கத் திருச்சபை அதனை அருட்சாதனம் என்கிறது. நம் ஷரீஅத்திலோ அது ஓர் உடன்படிக்கை. ஈஜாபும் கபூலும், இரு சாட்சிகளும், மஹரும் அதன் கட்டுமானம். உடன்படிக்கை எனில் இருவர் விரும்பினால் எவ்வாறும் செய்துகொள்ளலாமே என்று கேட்கத் தோன்றும். அங்குதான் நாம் நிதானிக்க வேண்டும். வணிக ஒப்பந்தத்தின் நிபந்தனைகளை இரு தரப்பாரும் வகுக்கின்றனர். நிக்காஹின் தரப்பாரையும் கடமைகளையும் வகுத்தவன் இறைவன்.

மஹர் கணவன் மனைவிக்குத் தருவது. நஃபகா எனும் பராமரிப்புப் பொறுப்பு கணவனைச் சார்ந்தது. கணவனை இழந்தவளின் இத்தா நான்கு மாதம் பத்து நாள்; கருவுற்றிருந்தால் பேறுகாலம் வரை. அந்நிஸா அத்தியாயம் வகுத்த பாகப்பிரிவினையில், பிள்ளையில்லாத மனைவியின் சொத்தில் கணவனுக்குப் பாதி, பிள்ளை இருப்பின் கால். பிள்ளையில்லாத கணவனின் சொத்தில் மனைவிக்குக் கால், பிள்ளை இருப்பின் எட்டில் ஒன்று. இவற்றுள் ஒன்றேனும் 'கணவன்', 'மனைவி' என்னும் சொற்களை நீக்கிவிட்டால் நிற்காது. நஸப் எனும் வம்சத் தொடர்பும் இதன்மேலேயே எழுப்பப்பட்டுள்ளது. லூத் (அலை) அவர்களின் சமுதாயத்தாரைப் பற்றிய இறைமறையின் எச்சரிக்கையோடு, இக்கட்டமைப்பும் சேர்ந்தே நம் எதிர்ப்புக்கு ஆதாரமாகிறது.

"முதியோரும் குழந்தைப் பேறற்றோரும் மணந்துகொள்கின்றனரே" என்ற எதிர்வாதம் நீதிமன்றத்திலும் எழுந்தது. அது புறந்தள்ளத் தக்க கேள்வியன்று. நிக்காஹ் குழந்தைக்காக மட்டும் ஏற்பட்டதென்று ஃபிக்ஹ் நூல்கள் கூறவில்லை. முதியோரின் நிக்காஹ் முழுமையானதே. அங்கும் கணவன், மனைவி என்னும் நிலைகளும் அவற்றின் கடமைகளும் அப்படியே இருக்கின்றன என்பதே விடை.

திருநங்கையர் குறித்த செய்தியை இதனுடன் குழப்பிக்கொள்ளலாகாது. 2019ஆம் ஆண்டு மதுரை உயர்நீதிமன்றக் கிளை, இந்து திருமணச் சட்டத்தின் 'மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் எனத் தீர்ப்பளித்தது. நம் ஃபிக்ஹ் நூல்களோ 'குன்ஸா' எனும் தலைப்பில், பிறவியிலேயே பால் தெளிவற்றோரின் தொழுகை வரிசை முதல் வாரிசுப் பங்கு வரை பல நூற்றாண்டுகளாக ஆராய்ந்து வந்துள்ளன. அது தனித்து விளக்க வேண்டிய பொருள்.

எதிர்ப்பின் எல்லை

வாரிசு என்னும் சொல்லின் கனம் நம் பகுதியினருக்கு நன்கு தெரியும். சிவகாசி, சாத்தூர் வட்டாரப் பட்டாசு ஆலை ஒன்றில் விபத்து நேர்ந்தால், துயரம் ஆறுமுன்னரே குடும்பத்தார் வாரிசுச் சான்றிதழுக்காக வட்டாட்சியர் அலுவலகத்தில் நிற்க நேரிடுகிறது. அங்கு பெயர் இல்லாதவருக்கு நிவாரணமும் இல்லை. மனுதாரர்கள் எடுத்துரைத்த துன்பமும் இதுவேயாகும். பல்லாண்டுகள் உடன் வாழ்ந்தவர் இறந்தால் உடலைப் பெறவும் தமக்கு உரிமையில்லை என்றனர். 2024இல் மத்திய அரசு குடும்ப அட்டை, கூட்டு வங்கிக் கணக்கு முதலியவற்றில் சில விளக்கங்களை வெளியிட்டது. திருமணம் என்ற பெயரை மறுப்போர், மனிதரின் இத்தகைய தேவைகளையும் மறுத்தாக வேண்டும் என்பதில்லை. வாரிசல்லாதவர்க்கு மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் வஸிய்யத் செய்ய நம் ஷரீஅத்தே இடமளித்துள்ளது.

இன்னும் முக்கியமான ஒன்றுண்டு. பெற்றோர் பிடியிலிருந்த ஓர் இளம்பெண்ணை 2025 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்தது. தன்னை அடித்ததாகவும், 'சரியாவதற்காக'ச் சடங்குகளுக்கு உட்படுத்தியதாகவும் அவர் கூறியதைத் தீர்ப்பு பதிவு செய்துள்ளது. திருமணம் ஒன்றே குடும்பம் அமைக்கும் வழியன்று என்னும் அத்தீர்ப்பின் கருத்தில் நாம் உடன்படாமல் இருக்கலாம். ஆனால் பிள்ளையை அடித்துத் துன்புறுத்துவதற்கு எம்மார்க்கமும் துணைநிற்காது.

அவ்வாறே, தன் மகனின் உள்ளத்தை அறிந்தும் மறைத்து, "நிக்காஹ் முடிந்தால் மாறிவிடுவான்" என்று ஓர் ஏழை வீட்டுப் பெண்ணை மணமுடித்து வைப்பதும் பெரும் அநீதியாகும். மணமக்களின் மனமொப்பிய சம்மதம் இன்றி நிக்காஹ் இல்லை. அமானிதத்தில் மோசடி செய்வோருக்கு மார்க்கத்தில் மன்னிப்பு எளிதன்று. நிக்காஹைத் தூய்மையாகக் காக்க வேண்டுமென நீதிமன்றத்தில் வாதிடும் நாம், நம் ஜமாஅத்தின் நிக்காஹ் தஃப்தரில் அத்தகைய பொய்யை எழுத இடங்கொடுக்கலாகாது. பெயரெழுதும் முன் இரு வீட்டாரையும் மணமக்களையும் தனித்தனியே விசாரிப்பது நம் நிர்வாகிகள், ஆலிம்கள் அனைவர் மீதும் கடமையாகும்.

கொள்கையில் உறுதியும், மனிதரிடம் நீதியும் நமக்கு ஒருசேர வாய்க்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.